ஊர் என்ன நினைக்கும்? எண்ணிப் பார்த்தவர்கள் சொல்வது

"உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது" என்று எங்கள் அம்மம்மாமார் சொல்வார்கள். யுத்தத்தில் கணவனை இழந்த பெண்ணோ, கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண்ணோ ஒரு வேலைக்குப் போக வெளிக்கிடும்போது, இந்தப் பழமொழிதான் முதலில் படலையை மறித்துக்கொண்டு நிற்கிறது.

"எனக்கும் போக விருப்பம்தான் பிள்ளை. ஆனா பொழுதுபட்ட பிறகு பஸ்ஸால இறங்கி வந்தா ஊர் ஒரு மாதிரிக் கதைக்கும்." வன்னிக் கிராமங்களில் எனது களப்பணியில் மிகக் கூடுதலாகக் கேட்ட வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். இன்னொன்றையும் கேட்டிருக்கிறேன். அதே அக்காவின் வேலிக்கு அடுத்த பக்கத்தில் இருப்பவரிடம் கதைத்தால், "நான் அவளைப் பற்றிப் பிழையாக ஒண்டும் நினைக்கமாட்டன். மற்றச் சனம்தான் நினைக்கும்" என்பார். அடுத்த வீட்டிலும் அதே பதில்தான். எல்லோரும் "மற்றச் சனம்" என்று கைகாட்டினால் அந்த மற்றச் சனம் யார்? ஊர் என்பது எங்கே இருக்கிறது?

சமூகவியலில் இது புதிய கேள்வி அல்ல. ஒரு கூட்டத்தில் உள்ள பெரும்பான்மையோர் தனித்தனியே ஒரு கருத்தைக் கொண்டிருந்தும், மற்றவர்கள் அதற்கு மாறானவர்கள் என்று பிழையாக எண்ணி ஒவ்வொருவரும் வாய் திறவாமல் இருக்கும் நிலையைப் பற்றிச் சமூக உளவியலாளர்கள் 1930களிலேயே எழுதிவிட்டார்கள். இன்று இதைக் கையில் எடுத்திருப்பவர்கள் பொருளியலாளர்கள். பொருளியல் என்றதும் எமக்கு வரவு செலவுத் திட்டமும் டொலர் விலையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் கலாநிதிப் பட்டத்துக்காகப் பொருளியல் ஆராயும் இளையவர்களில் பலர் இன்று மூன்று விடயங்களைச் சுற்றியே வேலை செய்கிறார்கள். தகவல், நம்பிக்கை, ஊக்குவிப்பு ஆகியவையே அவை. நம்பிக்கை என்று அவர்கள் சொல்வது கடவுள் நம்பிக்கையை அல்ல. "இது இப்படித்தான் இருக்கும்" என்று நாம் மனதுக்குள் போட்டு வைத்திருக்கும் கணிப்பையே அவ்வாறு சொல்கிறார்கள்.

இந்த ஆய்வுகளில் சில எமது வாழ்க்கைக்கு மிகக் கிட்ட வருகின்றன. அவற்றைச் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ரியாத் நகரில் ஒரு கேள்வி

சவூதி அரேபியாவின் தலைநகர் ரியாத். பெண்கள் வேலைக்குப் போவது மிகக் குறைவாக இருந்த நாடு அது. மனைவி வேலைக்குப் போவதா இல்லையா என்பதில் கணவனின் சொல்லே பெரிதாக இருந்தது. அங்கு பொருளியலாளர்களான லெனார்டோ புர்ஸ்டின், டேவிட் யானகிசாவா ட்ரொட் ஆகியோரும் சமூகவியலாளரான அலெசாண்ட்ரா கொன்சாலெஸும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தார்கள். அதன் முடிவுகள் 2020 ஆம் ஆண்டில் ஒரு முன்னணிப் பொருளியல் சஞ்சிகையில் வெளியாகின.

18 முதல் 35 வயது வரையான 500 திருமணமான ஆண்கள் இதில் பங்குபற்றினார்கள். ஒரே அயலைச் சேர்ந்தவர்களை ஏறத்தாழ 30 பேர் கொண்ட குழுக்களாக அழைத்தார்கள். பெண்கள் வீட்டுக்கு வெளியே வேலை செய்வதற்கு அனுமதி இருக்க வேண்டும் என்பதை ஏற்கிறீர்களா என்று ஒவ்வொருவரிடமும் இரகசியமாகக் கேட்டார்கள். நூற்றுக்கு 87 பேர் ஆம் என்றார்கள். அடுத்ததாக, இங்கே உங்களோடு இருப்பவர்களில் எத்தனை பேர் ஆம் என்று சொல்லியிருப்பார்கள் என்று கேட்டார்கள். நால்வரில் மூவர் அளவில் உண்மையை விடக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். தான் சம்மதம், ஆனால் பக்கத்தில் இருப்பவன் சம்மதிக்கமாட்டான் என்று ஒவ்வொருவரும் எண்ணியிருந்தார்கள்.

பிறகு, திருவுளச்சீட்டுப் போல் தெரிவு செய்த பாதிப் பேருக்கு மாத்திரம் உண்மையான எண்ணிக்கையைச் சொன்னார்கள். மற்றப் பாதிப் பேருக்கு எதுவும் சொல்லவில்லை. முடிவில் எல்லோருக்கும் ஒரு தெரிவு கொடுத்தார்கள். ஒரு சிறிய பரிசு அட்டையைப் பெறலாம், அல்லது மனைவியின் பெயரைக் கைத்தொலைபேசி மூலம் வேலை தேடித்தரும் ஒரு சேவையில் பதியலாம். எண்ணிக்கை சொல்லப்படாதவர்களில் நூற்றுக்கு 23 பேர் மனைவியின் பெயரைப் பதிந்தார்கள். சொல்லப்பட்டவர்களில் 32 பேர் பதிந்தார்கள்.

மூன்று முதல் ஐந்து மாதங்களின் பின் மீண்டும் விசாரித்தபோது, முதல் பிரிவினரின் மனைவியரில் நூற்றுக்கு 6 பேர் வெளி வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். உண்மை தெரிந்த பிரிவில் அது 16. நேர்முகத் தேர்வுக்குப் போனவர்கள் நூற்றுக்கு 1 ஆக இருந்த இடத்தில் 6 ஆனார்கள். வேலையில் சேர்ந்தவர்கள் தொகையில் உறுதியாகச் சொல்லக்கூடிய பெரிய மாற்றம் அந்தக் குறுகிய காலத்தில் தெரியவில்லை. ஆனாலும் பணமோ பயிற்சியோ சட்டமோ எதுவும் புதிதாக வரவில்லை என்பதைக் கவனியுங்கள். "உன் அயலவனும் உன்னைப் போலத்தான் நினைக்கிறான்" என்ற ஒரு தகவல் மாத்திரமே வந்தது. அதுவே பல வீடுகளில் கதவைத் திறந்தது.

சவூதி வேறு, வன்னி வேறு. எங்கள் நாட்டில் வேலைக்குப் போக எந்தப் பெண்ணும் சட்டப்படி எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பெண் பிள்ளைகளே கூடுதலாகப் படிக்கிறார்கள். அப்படியிருந்தும் வேலை செய்யும் வயதுப் பெண்களில் மூன்றில் ஒரு பங்கு அளவினரே தொழிற்படையில் இருக்கிறார்கள். இதற்குச் சிறு பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லாமை, பஸ் இல்லாமை, சம்பளம் போதாமை என்று பல காரணங்கள் உண்டு. அவற்றோடு "ஊர் என்ன நினைக்கும்" என்ற எண்ணப்படாத கணக்கும் சேர்ந்தே நிற்கிறது.

பிழையான கணக்கால் நின்ற படிப்பு

அடுத்தது தகவல். கரீபியன் கடலில் உள்ள டொமினிக்கன் குடியரசில் ரொபேர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 2001 ஆம் ஆண்டில் எட்டாம் வகுப்பு ஆண் பிள்ளைகளைச் சந்தித்தார். இடைநிலைக் கல்வியை முடித்தவனுக்கும் ஆரம்பக் கல்வியோடு நின்றவனுக்கும் உழைப்பில் எவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று கேட்டார். உண்மையான வித்தியாசம் பெரிது. பிள்ளைகளோ மிகச் சிறிய தொகையையே சொன்னார்கள். தங்கள் தெருவில் கண்டவர்களை வைத்தே அவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். படித்து நல்ல நிலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் அந்தத் தெருவை விட்டுப் போயிருப்பார்கள் அல்லவா?

தெரிவு செய்த சில பாடசாலைகளின் பிள்ளைகளுக்கு மாத்திரம் உண்மையான வருமானக் கணக்கைச் சொன்னார்கள். அடுத்த நான்கு ஆண்டுகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களை விடச் சராசரியாக ஓர் ஆண்டின் ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கூடுதலாகப் படித்தார்கள். ஒரு சில நிமிடப் பேச்சுக்கு இது பெரிய பலன்.

இதே ஆய்வில் எமக்கு முக்கியமான இன்னொரு செய்தி உண்டு. மிக வறிய வீட்டுப் பிள்ளைகளும் அந்தத் தகவலை நம்பினார்கள், தங்கள் கணக்கைத் திருத்தினார்கள். ஆனால் அவர்களின் படிப்பு நீளவில்லை. தெரிந்தும் அவர்களால் தொடர முடியவில்லை. ஆகவே "எங்கட சனத்துக்கு விழிப்புணர்வு இல்லை" என்று சொல்லிக்கொண்டு கருத்தரங்கு மேல் கருத்தரங்கு வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெறும் வயிற்றோடு இருப்பவருக்குத் தகவல் மாத்திரம் போதாது.

பெண் பிள்ளைகள் பற்றிய ஆய்வு ஒன்றையும் ஜென்சன் செய்தார். 2003 முதல் 2006 வரை வட இந்தியாவில் டில்லியைச் சூழவுள்ள மாநிலங்களில் இது நடந்தது. மொத்தம் 160 கிராமங்களைத் தெரிந்து, அவற்றில் ஒரு பகுதிக்கு மாத்திரம் தொலைபேசிச் சேவை நிலையங்களுக்கு ஆட்சேர்ப்பவர்களை அனுப்பினார்கள். இப்படியான வேலை இருக்கிறது, பெண்களுக்கும் கிடைக்கும், இவ்வாறு விண்ணப்பிக்க வேண்டும் என்று அவர்கள் விளக்கினார்கள். அக்கிராமங்களில் 15 முதல் 21 வயது வரையான பெண்கள் அந்த மூன்று ஆண்டுகளில் திருமணம் செய்வதும் பிள்ளை பெறுவதும் மற்றக் கிராமங்களை விட நூற்றுக்கு 5, 6 பேர் அளவில் குறைந்தது. பலர் மேற்கொண்டு படிக்கவும் பயிற்சிக்கும் போனார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒரு வேலை வாய்ப்பு "பெண் பிள்ளை படிச்சு என்ன?" என்ற கேள்விக்கு வீட்டிலேயே பதில் சொல்லிவிட்டது.

எங்கள் நாட்டில் இலவசக் கல்வி 1945 முதல் இருக்கிறது. ஆனாலும் சாதாரண தரப் பரீட்சையோடு மகளை மறிக்க நினைக்கும் தாய்மாரை நான் சந்திக்கிறேன். அவர்கள் மகள்மேல் அன்பில்லாதவர்கள் அல்லர். உயர்தரத்துக்குப் பிறகும் வீட்டில்தான் இருக்கிறார்கள் என்று அயலில் கண்ட இரண்டு மூன்று பிள்ளைகளை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். ஆசிரியராக, தாதியாக வந்த பிள்ளை வேறு ஊரில் வேலை செய்வதால் அவள் கணக்கில் வருவதில்லை. மகளை மறிக்க முன்னர் பிரதேச செயலகத்தில் உள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரையும் ஒருமுறை கண்டு, என்ன படிப்புக்கு என்ன வேலை, எந்தப் பயிற்சி இலவசம், எதற்குக் கொடுப்பனவு உண்டு என்று கேளுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஒரு கிலோ பருப்பு

மூன்றாவது ஊக்குவிப்பு. இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலத்தில் உதய்ப்பூர் மாவட்டம். தடுப்பூசி அங்கு இலவசம். ஆனாலும் ஒன்று முதல் மூன்று வயது வரையான பிள்ளைகளில் முழுமையாக ஊசி போட்டவர்கள் மிகக் குறைவு. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலானோர் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து 134 கிராமங்களில் செய்த ஆய்வு 2010 இல் வெளியானது. பானர்ஜியும் டுஃப்லோவும் 2019 இல் மைக்கல் கிறேமருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள்.

சில கிராமங்களில் மாதந்தோறும் தவறாமல் தடுப்பூசி முகாம் நடத்தினார்கள். வேறு சில கிராமங்களில் அதே முகாமோடு, ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும், எல்லா ஊசியும் முடிந்ததும் சாப்பாட்டுத் தட்டுகளும் கொடுத்தார்கள். இன்னும் சில கிராமங்களில் புதிதாக எதுவும் செய்யவில்லை. இந்தக் கிராமங்களில் முழுமையாக ஊசி போட்ட பிள்ளைகள் நூற்றுக்கு 6. முகாம் மாத்திரம் நடந்த இடத்தில் 18. பருப்பும் கொடுத்த இடத்தில் 39. அத்தோடு, பருப்புக் கொடுத்ததால் ஒரு பிள்ளைக்கான செலவு கூடவில்லை, குறைந்தது. தாதி ஒரு நாள் முழுக்க இருக்கும் முகாமுக்குப் பத்துப் பேர் வந்தாலும் நாற்பது பேர் வந்தாலும் சம்பளம் ஒன்றுதான்.

அந்தத் தாய்மார் ஊசிக்கு எதிரானவர்கள் அல்லர். இன்று வேலையை விட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். பலன் என்றோ ஒருநாள் வரும், அதுவும் கண்ணுக்குத் தெரியாது. நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போவது இயல்பு. ஒரு கிலோ பருப்பு அந்த "நாளைக்கு" என்பதை "இன்றைக்கு" ஆக்கியது.

ஆனால் எல்லா ஊக்குவிப்பும் நன்மை தருவதில்லை. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களில் நடந்த ஆய்வு ஒன்று 2000 ஆம் ஆண்டில் வெளியானது. மாலையில் பிள்ளையைக் கூட்டிப்போகப் பிந்தி வரும் பெற்றோருக்கு ஆறு நிலையங்களில் ஒரு சிறிய தண்டப்பணம் விதித்தார்கள். பிந்தி வருவோர் குறையவில்லை. ஏறத்தாழ இரு மடங்காகக் கூடினார்கள். முன்னர் ஆசிரியையைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம் இருந்தது. தண்டம் வந்ததும், காசு கட்டுகிறோம்தானே என்ற எண்ணம் வந்துவிட்டது. பிறகு தண்டத்தை நிறுத்தியும் அந்தக் கூச்சம் திரும்பி வரவில்லை. கூட்டத்துக்குப் பிந்தினால் 50 ரூபா என்று விதி வைக்கும் எங்கள் மாதர் சங்கங்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

எங்கள் முற்றத்துக் கடன்

இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து எங்கள் பெண்களை நெரித்த இடம் ஒன்று உண்டு. அது நுண்கடன். 2009 இல் யுத்தம் முடிந்த பின்னர் வடக்கு கிழக்கில் வீடு வீடாகக் கடன் வந்தது. அடகு வைக்க நகை தேவையில்லை, ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்தால் போதும் என்றார்கள்.

ஏன் குழு? கடன் கொடுப்பவருக்கு எங்களைத் தெரியாது. யார் திருப்பிக் கட்டுவார், யாரால் முடியாது என்ற தகவல் அவரிடம் இல்லை. அது அயலவரிடம் இருக்கிறது. ஆகவே ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்று விதித்தால், அயலவரே பார்த்து ஆளைச் சேர்ப்பார்கள், அயலவரே கண்காணிப்பார்கள். ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் 1990 இல் இதைக் கோட்பாடாக விளக்கினார். தகவல் சமமில்லாத சந்தைகள் பற்றிய ஆய்வுக்காக 2001 இல் நோபல் பரிசைப் பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

கோட்பாடு பிழையென்று சொல்ல முடியாது. ஆனால் அதன் பாரம் யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள். கடன் கொடுத்தவரின் தகவல் குறை தீர்ந்தது. கடன் வாங்கியவரின் தகவல் குறை அப்படியே இருந்தது. வரட்சி வந்து ஒருத்தியின் உழைப்பு நின்றபோது, மாமி, மச்சாள் என்று பழகியவர்களே அவள் வாசலில் வந்து நிற்க வேண்டியதாயிற்று. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று போனது. நிலைமை முற்றி, 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட, தவணை தவறிய நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது.

கடன் வாங்கும்போது எமக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு கணக்கை இங்கே தருகிறேன். 60,000 ரூபா கடன், ஓர் ஆண்டு, "24 வீத வட்டி" என்கிறார்கள். வட்டி 14,400. மொத்தம் 74,400. மாதம் 6,200 கட்ட வேண்டும். 24 வீதம்தானே என்று தோன்றும். ஆனால் 60,000 ரூபாவும் ஆண்டு முழுக்க உங்கள் கையில் இருப்பதில்லை. மாதந்தோறும் முதலில் 5,000 ரூபாவைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள். கடைசி மாதத்தில் உங்களிடம் மிஞ்சியிருப்பது வெறும் 5,000. வட்டியை மாத்திரம் முழு 60,000க்கும் கட்டுகிறீர்கள். குறைந்து செல்லும் மீதிக்குக் கணக்கிட்டால், இது ஆண்டுக்கு ஏறத்தாழ 42 வீதம். இதைத்தான் "தட்டை வட்டி" என்பார்கள். கையெழுத்துப் போட முன்னர், "இது தட்டை வட்டியா, குறைந்து செல்லும் மீதிக்கான வட்டியா?" என்று கேளுங்கள். "மாதம் எவ்வளவு, எத்தனை மாதம், மொத்தம் எவ்வளவு?" என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

ஒரு பானையும் புளியங்கொட்டையும்

இந்த ஆய்வுகளை வாசித்துவிட்டு மூடி வைப்பதில் பயனில்லை. உங்கள் மாதர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஒரு சிறிய வேலை செய்து பாருங்கள்.

வாய் ஒடுங்கிய ஒரு பானையை ஒரு மறைவில் வையுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு புளியங்கொட்டையும் ஒரு சிறு கல்லும் கொடுங்கள். கேள்வி இது: "எமது ஊரில் கணவன் இல்லாத ஒரு பெண் பஸ் ஏறி வேலைக்குப் போய் இருட்டில் வீடு வந்தால், நான் அவளைக் குறைவாக நினைப்பேனா?" நினைக்கமாட்டேன் என்றால் கொட்டை, நினைப்பேன் என்றால் கல். யார் எதைப் போட்டார் என்று எவரும் பார்க்கக் கூடாது. மிஞ்சியதை இன்னொரு பையில் போட்டுவிட வேண்டும். பானையைத் திறக்க முன்னர், எத்தனை கொட்டை இருக்கும் என்று ஒவ்வொருவரும் ஊகித்து, பெயர் போடாத ஒரு துண்டில் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் கோடு கீறலாம். பிறகு எல்லோர் முன்னிலையிலும் எண்ணுங்கள்.

கொட்டைகள் கூடுதலாக இருந்தால், இத்தனை காலமும் இல்லாத ஒரு ஊருக்குப் பயந்திருக்கிறோம் என்பது தெரியவரும். கற்கள் கூடுதலாக இருந்தாலும் நட்டமில்லை. எவ்வளவு என்பது தெரிந்துவிடும், எதைப் பற்றிக் கதைக்க வேண்டும் என்பதும் தெரியும். ரியாத்தில் உண்மை நல்லதாக இருந்தபடியால்தான் அதைச் சொன்னது பலன் தந்தது என்பதையும் மறக்கக் கூடாது. எங்கள் பானையில் என்ன இருக்கிறது என்பதை நாங்கள்தான் எண்ண வேண்டும்.

பானையில் நல்ல முடிவு வந்தாலும் அத்தோடு நின்றுவிடாதீர்கள். டொமினிக்கன் பிள்ளைகளைப் போல, தெரிந்தும் போக முடியாமல் இருப்பவர் எங்களிலும் உண்டு. வேலைக்குப் போகும் தாயின் பிள்ளையைப் பாடசாலை விட்டதும் யார் பார்ப்பது? கடைசி பஸ் எத்தனை மணிக்கு? சந்தியிலிருந்து வீடு வரை இரண்டு மூன்று பேர் சேர்ந்து வரலாமா? இந்த மூன்று கேள்விகளையும் அதே கூட்டத்திலேயே எடுத்து, பெயர் போட்டுப் பொறுப்புக் கொடுங்கள். பஸ் நேரம் பற்றிய கோரிக்கையைச் சங்கத்தின் பெயரில் எழுதி, கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்குக் கொடுங்கள். ஒரு பிரதியை உங்கள் கோவையிலும் வைத்திருங்கள்.